அடுக்காமல் கொடுங்கள்: ஜெனரல்களின் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பெரியவர் மறைந்தபின் அவருடைய ட்ரங்குப் பெட்டிகள் காப்பகத்துக்கு வந்துசேரும்போது பெரும்பாலும் ‘சுத்தமாக’ வருகின்றன. கடிதங்கள் ஒரு பையில், போட்டோக்கள் புது ஆல்பத்தில், பதக்கச் சான்றிதழ்கள் லேமினேஷன் போட்டு. நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் பாதி செய்தி அங்கேயே தொலைந்துவிடுகிறது. இந்தத் தாள்களோடு நாள் முழுக்கப் புழங்கும் ஆவணக் காப்பாளர்களான நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: தயவுசெய்து அடுக்காதீர்கள்.

எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எந்தத் தாள் கிடந்தது என்பதே ஒரு சாட்சி. தேதியில்லாத பென்சில் குறிப்பு ஒன்று இரண்டு தந்திகளுக்கு நடுவே கிடந்தால், அது எந்த வாரத்தில் எழுதியது என்று சொல்லிவிடலாம். அதையே உருவி ‘குறிப்புகள்’ என்ற பையில் போட்டால் வெறும் கிறுக்கல்.

மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு தாள்கட்டையும் எடுக்கும்போது இன்னொன்று. பெட்டி எண்ணைத் தனித் துண்டுத் தாளில் 2பி பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பால்பாயிண்ட் மையும் ஸ்டிக்கரும் வேண்டாம். இறுகிப்போன ரப்பர் பேண்டை இழுக்காமல் கத்தரித்து எடுக்கலாம். துருப்பிடித்த குண்டூசியை அப்படியே விடுங்கள். இழுத்தால் துருவோடு தாளும் கிழியும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் பிசின் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். லேமினேஷன் அதைவிட மோசம், சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க வழியே இல்லை. பூஞ்சை பிடித்த கட்டைத் தட்டவோ துடைக்கவோ கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று இன்னும் பரவும். காகிதத்தில் சுற்றித் தனியே வையுங்கள். வழவழப்பான பழைய ஃபேக்ஸ் தாளை மட்டும் உடனே நகலெடுத்துவிடுங்கள், அதன் எழுத்து தானே மங்கி மறையும்.

உறைகளை எறியாதீர்கள். போர்முனைக் கடிதத்தில் தணிக்கைக்குப் பயந்து ஊர்ப் பெயர் இருக்காது. உறைமேல் உள்ள களத் தபால் நிலைய எண்ணை வைத்துத்தான் படைப்பிரிவு அன்று எங்கே நின்றது என்று பிடிக்கிறோம்.

பதவி வரலாற்றை நீங்களே தொகுத்துத் தருவதானால் ரேங்கில்தான் வழுக்கும். நிரந்தர ரேங்க் ஒன்று, தற்காலிக ரேங்க் வேறு, பொறுப்பில் இருக்கும்வரை மட்டுமான செயல் ரேங்க் இன்னொன்று என்று ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இருந்திருக்கலாம். அமெரிக்கத் தளபதி ஐசனோவர் 1943 பிப்ரவரியில் நான்கு நட்சத்திர ஜெனரல். ஆனால் அவருடைய நிரந்தர ரேங்க் அந்த ஆகஸ்ட் மாதக் கடைசிவரை லெப்டினன்ட் கர்னல்தான். ஆகவே ‘ஜெனரல் ஆனார்’ என்று ஒற்றை வரி போதாது. ஆணை வந்த நாள், அமலுக்கு வந்த நாள், பணிமூப்பு கணக்கிடும் நாள் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். தேதியிலும் கவனம் வேண்டும். 5.6.44 என்பது பிரிட்டிஷ் தாளில் ஜூன் 5, அமெரிக்கத் தாளில் மே 6. சமிக்ஞைத் தாளில் 060530இசட் என்றிருந்தால், ஆறாம் தேதி கிரீன்விச் நேரம் காலை 5.30. உள்ளூர் நேரமென்று எடுத்துக்கொண்டால் ஒரு தாக்குதல் தொடங்கிய வரிசையே தலைகீழாகும்.

‘இதெல்லாம் அரசாங்கத்திடமே இருக்குமே’ என்பீர்கள். 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சில் முதல் உலகப்போர் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்தது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் கோப்புகள் சாம்பலாயின. அந்த இடங்களை நிரப்புவது வீட்டுப் பெட்டியில் கிடக்கும் மாற்றல் ஆணையும் சம்பளப் புத்தகமும்தான்.

டைரியில் யாரையாவது திட்டியிருந்தால் கிழித்துவிடத் தோன்றும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் தரைப்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆலன்புரூக், டைரி எழுதக் கூடாதென்ற விதியை மீறி மனைவிக்காக எழுதிவந்தார். 1957இல் வெளியான பதிப்பு சர்ச்சிலைப் பற்றிய காரமான வரிகளை மட்டுப்படுத்தியது. வெட்டாத வாசகம் 2001இல்தான் வந்தது. மூலநோட்டு லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ராணுவக் காப்பகத்தில் பத்திரமாக இருந்ததால் அது முடிந்தது. உங்கள் வீட்டு டைரியும் அச்சம் தருவதானால் கிழிக்க வேண்டாம். கொடைப் பத்திரத்தில் ‘இத்தனை ஆண்டு மூடி வைக்கவும்’ என்று எழுதிவிடலாம். உங்கள் பெரியவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களின் தாள் உங்களுடையது. பதிப்புரிமை எழுதியவருடையது என்பதால் அச்சிடும் அனுமதியை நீங்கள் தர முடியாது.

ரகசிய முத்திரை குத்திய தாள் கிடைத்தால் எரிக்கவும் வேண்டாம், போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். அது பெரும்பாலும் அரசின் சொத்து. உறையில் தனியே வைத்து, எந்தக் கோப்பில் எந்த இடத்தில் இருந்ததென்று குறித்து, காப்பகத்திடம் முதலிலேயே சொல்லுங்கள். அனுமதி வாங்குவது எங்கள் வேலை.

மடிக்கணினி இருந்தால் திறந்து பார்க்காதீர்கள். ஒரு கோப்பைத் திறந்து மூடியதும் மென்பொருள் அதைச் சேமித்துவிட்டால், ஜெனரல் கடைசியாக அதைத் தொட்ட நாள் அழிந்து உங்கள் நாள் பதிவாகிவிடும். கடவுச்சொல்லை மட்டும் தாளில் எழுதிக்கொடுங்கள், பென்சிலால்.

இப்படிக்கு,
ஆவணக் காப்பாளர்கள்