மூத்தோர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சிக்கும் செயற்குழுவினருக்கும், வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மறைந்த உறுப்பினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம்.

உறுப்பினர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அடுத்த கூட்டத்திலேயே, “யாருக்கெல்லாம் மன அழுத்தம் இருக்கு?” என்று கேட்டுப் பார்த்தோம். ஒரு கை கூட எழும்பவில்லை. மறுமாதம், “ராத்திரி தூக்கம் எப்படி?” என்று கேட்டோம். சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேச்சு ஓயவில்லை. ஒருவருக்கு இரண்டு மணிக்கே முழிப்பு. ஒருவருக்கு நெஞ்சுப் படபடப்பு. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விக்கிரமசிங்கபுரம் அண்ணாச்சிக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதன் பிறகு ஒரு மருத்துவரை அழைத்துப் பேச வைத்தோம். வயதானவர்களுக்கு மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை. உடம்பு வலியாகவும் பசியின்மையாகவும் மறதியாகவும் வரலாம் என்றார். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் ‘வயசாயிட்டு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு போன்றவையும் இதே போலத் தோன்றும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். மத்தியானத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், நான்கு மணிக்கு மேல் காப்பி வேண்டாம் என்றும் சொன்னார். காப்பி விஷயத்தில் மட்டும் சபையில் முணுமுணுப்பு இருந்தது. மருந்துக்கடையில் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் நம்மிலேயே உண்டு. அது கீழே விழ வைக்கும், புத்தியைத் தடுமாற வைக்கும். ரொம்ப நாளாகச் சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து; டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சி காலை நடைக்குப் பிறகு நடக்கிறது. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது. ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். சிரிப்பு வகுப்பு ஒன்றும் ஆரம்பித்தோம். தெருவில் நின்று காரணமில்லாமல் சிரிக்க நம் பெண்களுக்குக் கூச்சம். அது தானாகவே நின்றுபோயிற்று, எனக்கும் வருத்தமில்லை.

மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் நம் ஆட்களின் கவலை பலவற்றுக்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணம் இருக்கிறது. அதில் கை வைக்காமல் மூச்சை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தால் பிரயோஜனம் குறைவு என்பது ஓராண்டு பார்த்ததில் எனக்குப் பட்டது.

பீடி சுற்றிய ஒரு ஆச்சிக்குப் பி.எஃப். பென்ஷன் நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் ஆயுள் சான்றுக்குக் கைரேகை வைத்தால் மெஷின் எடுக்கவில்லை. இத்தனை வருஷம் இலையை உருட்டி உருட்டி விரல் நுனியில் ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. குறைந்தபட்சப் பென்ஷன் 2014இலிருந்து ஆயிரம் ரூபாய்தான். ஆனால் ஆச்சிக்கு அதுதான் மாத்திரைக்கும் வெற்றிலைக்கும். “எம் பிள்ளைகிட்ட கேக்க மாட்டேன்” என்று நாள் முழுக்க அதே பேச்சு. நம் உறுப்பினரின் பேத்தி செல்போனில் முகத்தைப் படமெடுத்து ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் ஆயுள் சான்றை எடுத்துக் கொடுத்தாள். முற்ற வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்ல, ஆச்சி சுளவைக் கூட இறக்கிவைக்காமல் மடியில் வைத்துக்கொண்டே சிமிட்டினார். பென்ஷன் வந்தது, தலைவலியும் போயிற்று. இந்தச் சான்றை பி.எஃப். பென்ஷன்காரர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், ஓராண்டுக்குச் செல்லும். மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்கு நவம்பர். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்தும் எடுத்துத் தருவார்.

அப்புறம் மழை. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரைத் தெருக்காரர்களுக்கு மேகம் கருத்தாலே தூக்கம் போய்விடுகிறது. முழுக்க நிரம்பினால் பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு அணை 118 அடி என்பதைப் பேரன் பேத்தி பிறந்தநாளை விட நன்றாக மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ‘அணை உடைஞ்சிட்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தால் போதும், ராத்திரி முழுக்க சிவராத்திரிதான். அதனால் ஐப்பசிக்கு முன்பே உட்கார்ந்து பேசினோம். யார் வீட்டில் மாடி இருக்கிறது, தனியாக இருப்பவரை யார் போய் அழைத்து வருவது என்று ஆளாளுக்கு எழுதிக் கொடுத்தோம். ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். ஒரு வாரத்துக்கு மாத்திரை தனிப் பையில். அணை நிலவரத்தை ஒரே ஒருவர் அதிகாரிகளிடம் விசாரித்துச் சொல்வார், மற்றவர்கள் எதையும் அனுப்பக் கூடாது. 2024 டிசம்பரில் தாமிரபரணியில் மறுபடி வெள்ளம் வந்தது. பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கையில் பையோடு எந்த வீட்டுக்குப் போவது என்று தெரிந்திருந்தது. ஒரு மாடி வீட்டில் விடிய விடியத் தாயம் ஓடியது என்று கேள்வி.

போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டும் கும்பல் நம் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டது. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. போனை வைத்துவிட்டு உடனே பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். ஏமாந்தவரைப் ‘படிச்சவர்தானே’ என்று கேட்காதீர்கள், அவருக்கு அதுவே பெரிய வேதனை.

படுக்கையில் கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ளும் மதினிமார் சிலர் நம்மிடம் உண்டு. நோயாளிக்கு மருந்து இருக்கிறது, இவர்களுக்கு ஓய்வே இல்லை. வாரத்தில் ஒரு நாள் நம் ஆட்கள் போய் உட்கார்ந்துகொள்ள, அவர்கள் வெளியே போகலாம் என்று ஏற்பாடு செய்தோம். முதல் வாரம் ஒரு மதினி கோயிலுக்குப் போவார் என்று நினைத்தோம். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்துத் தூங்கிவிட்டார்.

துக்க வீட்டில் பதினாறாம் நாள் விசேஷம் வரை கூட்டத்துக்குக் குறைவில்லை. பதினேழாம் நாள் பந்தல் பிரித்து, பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் கிளம்பிய பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகிறது. ஆகவே நம் உறுப்பினர்கள் அன்றிலிருந்து போக ஆரம்பிக்கிறோம். ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை; கேஸ் புக் செய்வது, வங்கிக் கணக்கில் பெயர் மாற்றுவது என்று வேலையோடு போவதே சுலபமாக இருக்கிறது.

பிள்ளைகள் கவனிக்காத வழக்குகளும் வந்தன. முதலில் பேசிப் பார்க்கிறோம். முடியாதபோது 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க எழுதித் தருகிறோம். மூத்தோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டையும் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் வைத்திருக்கிறோம், போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

வரும் ஆண்டில் காது மெஷின் தேவைப்படுவோர் கணக்கெடுப்பு நடக்கும். காது கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்கி, அப்படியே கூட்டத்துக்கும் வராமல் நின்றுவிடுகிறார். சங்கத்தின் பிரஷர் பார்க்கும் கருவிக்குக் கைப்பட்டை கிழிந்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்