பாப்பாவின் பழைய பியூஜோவுக்கு

கும்பகோணம்

அன்புள்ள பாப்பா,

உன் பியூஜோ சைக்கிளைப் படம்பிடித்து நீ பெர்லினிலிருந்து அனுப்பிய போட்டோ எல்லாவற்றையும் பெரிசாக்கிப் பார்த்தாயிற்று. போனில் சொன்னால் பாதி உனக்குக் கேட்காது, பாதி எனக்கே மறந்துபோகும். அதனால் எழுதிவிடுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்.

வண்டி நல்ல வண்டிதான். ஹேண்டில் பாருக்குக் கீழே, இரண்டு குழாயும் முன்பக்கம் வந்து சேர்கிற இடத்தில் அடிப்பக்கமாகக் கையால் தடவிப் பார். பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ குழாய் லேசாகப் புடைத்திருந்தாலோ முன்னால் எங்கேயோ இடித்த வண்டி. அப்படி ஒன்றும் இல்லையென்றால் அந்த இரும்பு உன் காலத்துக்கும் உழைக்கும்.

கியரை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே பல்லில், அதாவது பின்னால் ஒரே பல்சக்கரத்தில் ஓட்டப்போகிறேன், அதுவும் ஃபிக்ஸ்டு என்கிறாய். சரி. ஒற்றைப் பல் வண்டியில்தான் நம் வீட்டு அடுப்பே எரிந்தது, அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஃபிக்ஸ்டு மட்டும் வேறு சமாச்சாரம். ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், பின்னுக்கு அமுக்கினால் வேகம் குறையும். சின்ன வயசில் சர்க்கஸில் பார்த்திருக்கிறாய், பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போவார்களே, அந்த வண்டிதான். பெர்லின் சமதரை ஊர் என்கிறாய். அதுவரைக்கும் நல்லது.

உன் வண்டியில் பெரிய சிக்கல் மரை. பழைய பிரெஞ்சு வண்டியில் பெரும்பாலும் பிரெஞ்சு மரை. நீ இன்டர்நெட்டில் பார்த்து ஆசைப்படுகிற சாமான் அத்தனையும் இங்கிலீஷ் மரை. நம்ம சைக்கிள் கடையில் பி.எஸ்.ஏ. என்றால் அம்பத்தூரில் செய்த சைக்கிள். உலகத்தில் மற்ற இடத்தில் பி.எஸ்.ஏ. என்றால் பெடல் ஆக்ஸில் இறங்குகிற பி.பி. கப்புக்கான மரை அளவு: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. துப்பாக்கி செய்த பர்மிங்காம் கம்பெனி வைத்த அளவு இன்றைக்கும் ஓடுகிறது. பிரெஞ்சு வண்டியில் அது 35 மி.மீ., 1 மி.மீ. மரை. இங்கிலீஷில் வலது பக்கக் கப் எதிர்மரை, அதாவது இடதுபக்கம் சுற்றினால்தான் இறுகும்; பிரெஞ்சில் இரண்டு பக்கமும் நேர்மரை. இதற்கு நடுவில் ஸ்விஸ் மரை என்று ஒன்று, அளவு பிரெஞ்சு, வலது பக்கம் மட்டும் எதிர்மரை. பியூஜோவில் அதுவும் வந்திருக்கிறது. எது என்று தெரியாமல் வலது கப்பில் பெரிய ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பாய்.

அதனால் வலது கப்பைத் தொடவே தொடாதே. இடது கப்பை மட்டும் கழற்று, ஆக்ஸிலை உருவு, உள்ளே துணி விட்டுத் துடைத்து டார்ச் அடித்துப் பார். பால்ரஸ் ஓடுகிற தடம் வழவழவென்று இருந்தால் போதும். தடத்தில் குழி விழுந்திருந்தால்தான் புதுசு தேட வேண்டும். பக்கத்துக்கு 11 பால்ரஸ், கால் அங்குலம். கூண்டோடு வந்திருந்தால் கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உதிரியாகவே கிரீஸில் பதித்து வை. பால்ரஸ் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே பால்ரஸ்தான்.

பின்சக்கரத்திலும் அதே கதை. பழைய ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தின் மரை பிரெஞ்சு என்றால் புது இங்கிலீஷ் ஃப்ரீவீல் அதில் லூசாக ஏறிவிடும். ஏறுகிறதே என்று நினைப்பாய். நாலு நாள் அழுத்தி மிதித்தால் மரையை மழித்துக்கொண்டு சும்மா சுற்றும். ஆகவே பின்சக்கரம் புதுசாகவே வாங்கிவிடு. இரண்டு பக்கமும் மரை உள்ள ஹப்பாகப் பார், ஒரு பக்கம் ஃப்ரீவீல், மறுபக்கம் ஃபிக்ஸ்டு. திருப்பிப் போட்டால் வண்டி மாறிவிடும். 1937 வரைக்கும் டூர் டி பிரான்ஸ் ரேஸில் கியர் மாற்றுகிற டீரெய்லருக்கு அனுமதி கிடையாது. மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பெரிய பல்லில் மாட்டிக்கொண்டுதான் ஏறியிருக்கிறார்கள்.

ஃபிக்ஸ்டு பக்கத்தில் ஒன்றை நீயே கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள். பல் ஏறுகிற மரைக்கு வெளியே, அதைவிடச் சின்னதாக இன்னொரு மரை இருக்கணும், அது எதிர்மரையாக இருக்கணும். பல் கழறாமல் பூட்டுகிற வளையமான லாக்ரிங் அதில்தான் ஏறும். நீ பின்னுக்கு அமுக்கும்போது பல் கழறப் பார்க்கும். பல் கழறுகிற திசை லாக்ரிங்குக்கு இறுகுகிற திசை, அதனால் ஒன்று மற்றதை விடாது. சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் பல்லை முறுக்கி, பி.பி. லாக்ரிங்கை மேலே போட்டு, பசையை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த லாக்ரிங்கும் நேர்மரை. நீ வேகத்தைக் குறைக்க அமுக்குகிற நேரத்தில் இரண்டும் சேர்ந்து கழறும். அந்த வேலையே வேண்டாம்.

பல்லை இறுக்கச் செயின் கொறடு விலைக்கு வாங்காதே. பட்டை இரும்பின் நுனியில் பழைய செயினில் ஒரு சாண் நீளத்தைத் துளையிட்டு ரிவெட் அடித்தால் அதுதான் கொறடு. நம் கடையில் சுவரில் தொங்குவதும் அதேதான். மரைக்குக் கிரீஸ் வைத்து, பல்லை இறுக்கி, லாக்ரிங் போட்டு, வெளியே போய் எழுந்து நின்று நாலு மிதி பலமாக மிதித்துவிட்டு வந்து லாக்ரிங்கை மறுபடி இறுக்கு. முதல் தடவை இறுக்கினது எப்போதும் கொஞ்சம் இளகும்.

ஹப்பின் அகலம் 120 மி.மீ. இருக்கும். உன் ஃபிரேமின் பின் கால்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அள. ஆறு பல் கியர் இருந்த வண்டி என்றால் 126 வரும். பக்கத்துக்கு 3 மி.மீ. வாஷர் போட்டால் தீர்ந்தது. ஹேண்டில் தண்டு, சீட் குழாய் எல்லாம் இருப்பதையே வைத்துக்கொள், அதிலும் பிரெஞ்சு அளவு வேறேதான்.

இனி கிராங்க். பெடல் மாட்டியிருக்கிற கைதான் கிராங்க். உன் வண்டியில் அது காட்டர் பின் போட்டது, அதாவது ஆப்பு மாதிரி ஒரு பின்தான் அதை ஆக்ஸிலோடு பூட்டுகிறது. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம், உனக்குத்தான் தலைவலி. அங்கே புதுக் கடைக்காரர்களில் பாதிப்பேர் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். கழற்றும்போது நட்டை முழுதும் எடுத்துவிடாதே, பின்னின் நுனியும் நட்டின் முகமும் சமமாக வரும்வரை தளர்த்து. கிராங்குக்கு அடியில் ஒரு கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடு, பின்னின் தலை குழாய்க்குள் இறங்குகிற மாதிரி. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்கப் பால்ரஸ்மேல் போய்க் கப்பில் குழி விழும். அப்புறம் கனமான சுத்தியால் ஒரே அடி. பயந்து பயந்து தட்டினால் நுனி நசுங்கி விரிந்துவிடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்கணும்.

புதுப் பின் நாலைந்து இங்கிருந்து அனுப்பலாம் என்று எடுத்தும் வைத்துவிட்டேன். நம்மூர்ப் பின் 9.5 மி.மீ., பிரெஞ்சு 9 மி.மீ. அரை மில்லிதான், ஆனால் உள்ளே போகாது. அங்கேயே 9 என்று கேட்டு வாங்கு. வாங்கின பின்னை அப்படியே அடித்து இறக்காதே. கையால் நுழைத்து, லேசாகத் தட்டி, வெளியே எடுத்துப் பார். அதன் சாய்ந்த முகத்தில் ஆக்ஸில் உரசின இடம் பளபளக்கும். முகம் முழுக்கப் பளபளப்பு இருந்தால் சரி. ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் அந்த ஓரத்தில் இரண்டு இழுப்பு அரம் போட்டு மறுபடி நுழைத்துப் பார். இரண்டு பின்னும் ஒரே சாய்வில் இருக்கணும். ஒரு பின் மேலிருந்து கீழே இறங்கினால், எதிர்ப்பக்கக் கிராங்கை அதே நிலைக்குச் சுற்றும்போது அந்தப் பின்னும் மேலிருந்துதான் இறங்கணும். மாறிப் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் வராது. கடைசியில் சுத்தியால் அடித்து உட்காரவைத்துவிட்டு நட்டைப் போடு. நட்டின் வேலை பின்னைப் பிடித்து வைப்பதுதான், இழுப்பது இல்லை. நட்டாலேயே இழுத்தால் மரை போகும். ஒரு வாரம் ஓட்டின பிறகு மறுபடி ஒரு அடி, மறுபடி நட்டு. ஃபிக்ஸ்டில் காட்டர் பின்மேல் இரண்டு திசையிலும் அழுத்தம் வரும், லூசாக விட்டால் ஆக்ஸில் வெட்டையே தின்றுவிடும்.

முன்னால் செயின் வீலில் 52 பல், 42 பல் இரண்டும் இருக்கிறது என்றாய். 42-ஐ வைத்துக்கொள். அது உள்பக்கம் இருப்பதால் பின்பல்லுக்கு நேராகவும் வரும். வண்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார். செயின் முன்பல்லிலிருந்து பின்பல்லுக்கு ஒரே கோடாக ஓடணும். சாய்ந்து ஓடினால் கரகரவென்று சத்தம் போடும், பள்ளத்தில் குதித்தால் கழண்டு விழும். ஃப்ரீவீல் வண்டியில் செயின் கழண்டால் கையில் கறை, அவ்வளவுதான். ஃபிக்ஸ்டில் கழண்டு சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பின்னால் 17 பல் போடு. நம் கடைக்கு வரும் கருப்பு வண்டியில் 44-க்கு 18, வகுத்தால் 2.44. உனக்கு 42-க்கு 17, 2.47. கிட்டத்தட்ட அதே மிதி. நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் போகும். உன் சிநேகிதன் சொல்கிற 14 பல் வேண்டவே வேண்டாம். முட்டிக்குக் கேடு என்பது ஒன்று. இன்னொன்று, ஃபிக்ஸ்டில் பெடலை எப்போதும் ஒரே நிலையில் நிறுத்திப் பூட்டித்தான் ஆட்கள் பின்சக்கரத்தைச் சறுக்கவிடுவார்கள். 42-ஐ 14 சரியாக மூன்று தடவை வகுக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் டயரின் அதே ஒரு இடம்தான் தரையில் தேயும். 16 போட்டால் பின்னம் சுருங்கி 21-க்கு 8, எட்டு இடம். 17 எதிலும் சுருங்காது, பதினேழு இடமாகப் பிரிந்து தேயும். நீ சறுக்க மாட்டேன் என்று சொல்வாய், தெரியும். இருந்தாலும் 17.

செயின் 1/8 அங்குல அகலம் வாங்கு. அது மெல்லிய பல்லிலும் ஓடும், தடித்த பல்லிலும் ஓடும். 3/32 செயின் தடித்த பல்லில் உட்காராது. ஜப்பானில் கெய்ரின் ரேஸுக்கு முத்திரை குத்தின சாமான் என்று மூன்று மடங்கு விலை சொல்வார்கள். அது பந்தயம் கட்டுகிற ரேஸில் எல்லார் வண்டியும் ஒரே தரமாக இருக்க வைத்த முத்திரை. பால் வாங்கப் போகிற வண்டிக்கு எதற்கு?

செயின் இழுவை: நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆடணும். பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பார், எந்தச் செயின் வீலும் முழு வட்டம் கிடையாது, ஓரிடத்தில் இறுகும். அந்த இறுகின இடத்தில் வைத்துத்தான் அளக்கணும். சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க இரண்டு கையும் பத்தவில்லை என்று புலம்புவாய். இடது நட்டை மட்டும் இறுக்கு, சக்கரத்தின் முன்விளிம்பை வலதுபக்கம் தள்ளு. வலதுபக்க ஆக்ஸில் பின்னுக்கு நகர்ந்து செயின் இறுகும். அப்படியே வலது நட்டை இறுக்கு, பிறகு இடதை இளக்கிச் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டு வா. செயின் தேய்மானம் பார்க்க ஒரு அடி ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து எண்ணினால் 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தள்ளிப் போனால் செயினை மாற்று. 1/8 போயிருந்தால் பல்லும் சேர்ந்து போயிருக்கும்.

'டக் டக்' சத்தம் வந்தால் எதையும் கழற்றாமல் முதலில் எண்ணு. பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு டக் என்றால் பெடல், காட்டர் பின், பி.பி. இந்த வரிசையில் தேடு. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவை என்றால் செயினில் ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கும். எழுந்து நின்று மிதிக்கும்போது நின்றுபோனால் சத்தம் சீட்டில்.

பிரேக் இரண்டும் இருக்கணும், முன்னும் பின்னும். இதில் பேரம் இல்லை. ஜெர்மனியில் சட்டமே தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக்கும் ஒரு பெல்லும் கேட்கிறது. 2009-இல் பெர்லின் போலீஸ் பிரேக் இல்லாத வண்டிகளைப் பிடித்து வைத்ததை நீதானே சொன்னாய். முன்சக்கரத்தில் பளபளப்பான இரும்பு ரிம் இருந்தால் அதையும் அலுமினியத்துக்கு மாற்றிவிடு. மழையில் நனைந்த இரும்பு ரிம்மைப் பிரேக் கட்டை பிடிக்கவே பிடிக்காது. நம்ம ஊர் ஐப்பசி மழையில் நீ பார்த்ததுதான்.

அப்புறம் விரல். ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்றிவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கிற பழக்கம் உனக்குச் சின்னதிலிருந்தே உண்டு. ஃப்ரீவீல் வண்டியில் துணி சிக்கினால் செயின் நின்றுவிடும். ஃபிக்ஸ்டில் சுற்றுகிற சக்கரத்தின் முழு பலமும் செயினில் இருக்கிறது, துணியையும் விரலையும் சேர்த்து இழுத்துப் பல்லுக்குள் கொண்டுபோகும். சக்கரத்தை நிறுத்தி, ஒரு சாண் துடை, நகர்த்து, மறுபடி துடை. நீளத் துப்பட்டா, அவிழ்ந்த ஷூ லேஸ், தொளதொள பேண்ட் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வண்டி முடிந்ததும் முதல் மாசம் ஃப்ரீவீல் பக்கத்திலேயே ஓட்டு. அந்த ஊர் டிராம் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்கப் பழகு. திருப்பிப் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா ஹெல்மெட் வாங்கினாயா என்று கேட்கச் சொன்னாள். பின்சக்கரம் வந்தவுடன் மாட்டிவிடாதே, ஃபிக்ஸ்டு பக்கத்து இரண்டு மரையும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள்தான், மத்தியானத்துக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா