பேங்கரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேல்ஸில் இருக்கும் பேங்கருக்குப் படிக்கப் போனதிலிருந்து அந்த ஊர்ப் பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படித்துவிடுகிறேன். அப்படித்தான் 'இட்மா' கிடைத்தது. 'இட்ஸ் தட் மேன் அகெய்ன்' என்ற பழைய பிரிட்டிஷ் ரேடியோ நகைச்சுவை நிகழ்ச்சியின் சுருக்கப் பெயர். ஹிட்லர் எதையாவது கிளப்பும்போதெல்லாம் அங்கே பத்திரிகைகள் 'மறுபடியும் அந்த ஆள்தான்' என்று தலைப்புப் போடுமாம். அதையே பெயராக வைத்து, டாமி ஹேண்ட்லி என்ற லிவர்பூல் நகைச்சுவை நடிகரை 'அந்த ஆள்' ஆக்கிவிட்டார்கள்.

1939 ஜூலையில் பிபிசியில் தொடங்கியது. செப்டம்பரில் போர். கலைஞர்களை லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் குண்டு விழுந்தது. 1941-இல் உன் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள், செல்வி! பென்ரின் ஹாலில் இருந்து ஒலிபரப்பினார்களாம். நீ அந்த வழியாகப் போயிருப்பாயோ என்னவோ.

யூடியூபில் கேட்டேன். பாதி புரியவில்லை, அவ்வளவு வேகம். ஆனால் சுத்தம் செய்யும் மிஸஸ் மாப் வரும்போது புரிந்துவிடும். வாளி கடகடக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "இப்ப சுத்தம் பண்ணட்டுமா, சார்?" என்பாள். கூட்டம் கைதட்டும். ஃபுன்ஃப் என்று ஒரு ஜெர்மன் உளவாளி ஃபோனில் மிரட்டுவான். அந்தக் குரலுக்கு ஜாக் ட்ரெய்ன் என்ற நடிகர் கண்ணாடி டம்ளருக்குள் பேசினாராம். நானும் நம் வீட்டு டம்ளரில் வாயை வைத்துப் பேசிப் பார்த்தேன். மாடியிலிருந்து அப்பா, "யார் வந்திருக்கா?" என்று கேட்டார்.

1940 ஜனவரியில் அங்கே ரேஷன் வந்தபோது ஓர் ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் ஏறக்குறைய 113 கிராம்தான். ராத்திரி வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலில் கறுப்புத் துணி. எதற்கெடுத்தாலும் அரசாங்க உத்தரவு. ஹேண்ட்லி நிகழ்ச்சியில் அமைச்சராக வருவார், துறையின் பெயரே 'எரிச்சலும் மர்மங்களும்'! குண்டு விழும் நாட்டில், பிபிசியிலேயே, அரசாங்க அலுவலகத்தை அப்படிக் கேலி செய்ய விட்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிகிறது. கஷ்டத்தை யாரும் மூடி வைக்கவில்லை. அதற்கு ஒரு குரல் கொடுத்து, வாளியோடு உள்ளே வரவிட்டார்கள். ஹேண்ட்லி 1949-இல் இறந்தபோது லண்டன் செயின்ட் பால் பேராலயத்திலேயே அஞ்சலி வழிபாடு நடத்தினார்கள். வீட்டு மனுஷன் போனது மாதிரி இருந்திருக்கும்.

சரி, இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், உன் அறை ஹீட்டர் பத்து நாள் ஓடவில்லை என்று உன் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீ ஃபோனில் "நல்லா இருக்கேன்மா" என்று மட்டும் சொன்னாய். நான் கவலைப்படுவேன் என்றுதானே மறைத்தாய்? அந்த "நல்லா இருக்கேன்"தான் கண்ணு என்னை ராத்திரி தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணும்போது ஹீட்டர் கதையை முழுசாகச் சொல். எத்தனை ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினாய், சரிபண்ண வந்தவர் என்ன சொன்னார், எல்லாம். அவர் பேசின மாதிரியே பேசிக் காட்டு. அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா