தாள் இல்லாத புத்தகத்துக்கும் மதிப்புரை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நூல் மதிப்புரைப் பக்கத்தின் அடியில் வாரந்தோறும் வருகிற குறிப்பு எனக்கு மனப்பாடம். மதிப்புரைக்கு நூலின் இரண்டு பிரதிகளை அனுப்ப வேண்டும் என்கிறது அது. அந்த ஒரு வரியால், எங்கள் தெருவில் இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட மூன்று புத்தகங்கள் உங்கள் பக்கத்துக்கு வரவே முடியாது. மூன்றும் ஒருவரே எழுதிய மின்னூல்கள். அனுப்புவதற்குப் பிரதி கிடையாது.

எழுதியவரின் பெயரையும் நூல்களின் பெயரையும் இங்கே நான் சொல்லவில்லை. இந்தக் கடிதம் விளம்பரமாகிவிடக் கூடாது. பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் எழுதி, அட்டையையும் தானே வரைந்து, பதிப்பகம் எதுவும் இல்லாமல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தானே ஏற்றுகிறவர். ஒரு புத்தகம் 49 ரூபாய். இவ்வளவு போதும்.

நான் 1974-ல், பதினாறு வயதில், மதுரையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்போசிட்டராகச் சேர்ந்தேன். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, தும்பிக்கை வைத்த பழைய லை, னை எழுத்துகளைக் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்து ஒதுக்கியவர்களில் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஈய எழுத்தில் புழங்கிய விரல்கள் இவை. தாளையும் மையையும் நேசிப்பதில் நான் யாருக்கும் இளைத்தவன் அல்லன். ஆனால் கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்தை அரை மணி நேரத்துக்கு மேல் படிக்க முடிவதில்லை. கைப்பேசியில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம் என்று என் பேத்திதான் காட்டினாள். எனக்குப் புதுமண்டபத்துப் புத்தகக் கடைகள் நினைவுக்கு வந்தன. அங்கே வாங்கிய 'பெரிய எழுத்து'க் கதைப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் என் அம்மா படிப்பே கற்றுக்கொண்டார்.

அந்தக் கைப்பேசியில் நான் முதலில் படித்த நூல், கொத்துப் புரோட்டா போடுகிற சத்தத்துக்கு எழுதிய இலக்கணம். நூற்பா, உரை, எடுத்துக்காட்டு என்று முறையாகச் செல்கிறது. இரண்டு தகடுகளும் ஒருசேரக் கல்லில் விழுந்தால் நேரசை, ஒன்று முந்தி ஒன்று பிந்தி விழுந்தால் நிரையசை. அங்கிருந்து தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று வளர்கிறது. பள்ளியில் யாப்பிலக்கணம் என்றால் ஓடி ஒளிந்த என் பேத்தி, இப்போது கடையைக் கடக்கும்போது நின்று சீர் பிரிக்கிறாள்.

இதை எங்கள் பகுதிப் புரோட்டா மாஸ்டருக்கு, மாலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன், நாலு நாள் வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் நாள் அவர் ஒரு குறை சொன்னார். முட்டை உடைத்து ஊற்றியதும் தட்டுகிற தாளம் மூன்று மூன்றாக மாறிவிடும். நூலாசிரியர் அதைக் கவனிக்கவில்லை. மாஸ்டர் சொன்னதை அப்படியே எழுதி நூலாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதினோரு நாளில் திருத்திய பதிப்பு கைப்பேசிக்கு வந்தது. முட்டைக்குத் தனி நூற்பா, உரையில் மாஸ்டருக்கு நன்றி. அச்சுப் பாரம் ஓடி முடிந்த பிறகு பிழை கண்டால், 'பிழை திருத்தம்' என்று துண்டுச் சீட்டு அடித்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய காலத்தவன் நான். இந்தப் பதினோரு நாளின் அருமை எனக்குத் தெரியும்.

இரண்டாவது நூல், வைகை ஆறு ஆண்டுதோறும் எழுதுகிற விடுப்பு விண்ணப்பங்களின் தொகுப்பு. வருசநாட்டு மலையில் உடல்நலக் குறைவு என்று ஓராண்டு. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் வந்து தன் வேலையைப் பகிர்ந்துகொள்கிறது, எனவே நீண்ட விடுப்பு வேண்டும் என்று ஓராண்டு. அழகர் இறங்கும் நாளில் மட்டும் பணிக்கு வருவதாக உறுதிமொழி. நடுப்பகுதி ஒரே சாயலில் போகிறது, பாதியாகக் குறைத்திருக்கலாம். ஆனால் சோழவந்தான் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை மகள் இதை வகுப்பில் வாசித்துவிட்டு, உங்கள் ஊர்க் கண்மாய் விடுப்பு கேட்டால் என்ன எழுதும் என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறாள். ஒரு சிறுவனின் கண்மாய், தான் வருகிற வாய்க்காலில் வீடு கட்டியிருக்கிறார்கள், எனவே பணிக்கு வர வழியில்லை என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மூன்றாவது நூல்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. பேருந்து நிலையம் ஒன்றில், தவறவிட்ட பொருள்களைக் குறிக்கிற பதிவேட்டின் வடிவில் ஒரு நாவல். ஒற்றைச் செருப்பு, குழம்பு ஆறாத தூக்குவாளி, முகவரி எழுதி முடித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரு குடும்பம் வருகிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் பேருந்துக் கழகத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்து முடித்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். இராமேசுவரம் வண்டியில் யாரோ விட்டுப்போன அஸ்திக் கலசம். உரியவர்கள் வருகிற வரை இரண்டு இரவு அதன் முன் அகல் ஏற்றி வைத்துக் காத்திருக்கிறார். வீட்டில்கூட அவர் அதைச் சொன்னதில்லை. ஆசிரியர் அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல், புதிய பதிப்பின் கடைசிப் பதிவாகச் சேர்த்தார். அதன் பிறகு மற்ற வாசகர்களும் தாங்கள் தொலைத்தவற்றை எழுதி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பார்வையற்ற நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற இசை ஆசிரியர், கைப்பேசியின் குரல் வாசிக்க இந்த நூலை இரண்டு முறை கேட்டிருக்கிறார். அச்சுப் புத்தகமாக இருந்தால் வாசித்துக் காட்ட யாராவது வீட்டுக்கு வர வேண்டும் என்று காத்திருந்திருப்பார்.

ஆகவே, ஐயா, இந்த எழுத்தாளருக்கு அன்பு தேவையான அளவு கிடைக்கிறது. கிடைக்காதது மதிப்புரை. முதல் நூலில் 61 ஒற்றுப்பிழைகளை நான் குறித்து அனுப்பினேன், அத்தனையும் திருத்தினார். ஆனால் வைகை நூலின் நடுப்பகுதி ஏன் தொய்கிறது, பதிவேட்டு நாவலில் எழுத்தர் பாத்திரம் ஏன் கடைசிவரை மங்கலாகவே நிற்கிறது என்பதைப் பிழை திருத்துகிறவன் சொல்லித் தீராது. பயின்ற கண் படித்து, நடுநிலையோடு, பொதுவில் சொல்ல வேண்டும். அது நாளிதழ்களின் வேலை என்று நம்பி வளர்ந்தவன் நான்.

தாள் இல்லாத தமிழ்ப் புத்தகம் நேற்று வந்ததும் அல்ல. சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மின்னூல் திட்டத்துக்கு எங்கள் ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள், மதுரைத் திட்டம் என்று. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை உலகமே எடுத்துப் படிக்கிறது. கிண்டிலில் தமிழ் நூல்களை எழுத்தாளர்கள் தாங்களே ஏற்றவும் பிறகு வழி பிறந்தது. இத்தனை ஆண்டுகளில் அங்கே சேர்ந்தவற்றில் பதரும் ஏராளம் உண்டு, மறுக்கவில்லை. நெல்லைப் பிரித்துக் காட்ட ஆள் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதிப்புரைப் பக்கம் முழுவதையும் நான் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு வாரம், ஒரு மின்னூலுக்கு, கால் பத்தி போதும். இரண்டு பிரதிகள் என்ற வரியோடு 'மின்னூலாயின் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பலாம்' என்று சேர்த்தால், என் கணக்கில் கூடுதலாக ஒரே ஒரு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
சிம்மக்கல், மதுரை.