தீவுகள் சும்மா கிடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மன்னார் வளைகுடா பற்றி வந்த பயணக் கட்டுரையில் ‘யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கும் 21 தீவுகள்’ என்று ஒரு வரி. அதை எப்படி அச்சேற விட்டீர்கள்?

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை இந்தத் தீவுகள் கரையை ஒட்டி வரிசையாக நிற்பதால்தான் கச்சான் (தென்மேற்கு) காற்று மாதங்களில் அலை வெளிப்பாரிலேயே, அதாவது வெளிப்புறப் பவளத் திட்டிலேயே, உடைகிறது. உள்ளே தண்ணீர் அடங்கியிருப்பதால் வத்தை, வள்ளம் போன்ற சிறு படகுகள் தொழிலுக்குப் போகின்றன. கடல்புல் வளர்வதும், ஆவுளியா என்னும் கடல்பசு மேய்வதும், இறால் குஞ்சு ஒதுங்குவதும் அந்த அடங்கிய தண்ணீரில்தான். விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி மரிக்கொழுந்து என்னும் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் உங்கள் கட்டுரையாளர் இந்த வரியைப் படித்துக் காட்டட்டும்.

21 என்ற கணக்கும் பழைய கணக்கு. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்ப் பல வருடம் ஆகிறது. தானாகப் போகவில்லை. கடப்பாரை போட்டுப் பெயர்த்த பவளப்பாறை வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் போனது. பார் போய்விட்டால் அலை நேராக வந்து அடிக்கும். உடைந்த பவளச் சல்லியும் மணலுமாகச் சேர்ந்த தீவு கரைந்துவிடும். கரைச்சல்லி, விலாங்குசல்லி என்று பெயரிலேயே அது இருக்கிறது. வான் தீவும் அதே கதிக்குப் போய்க்கொண்டிருந்தது. கான்கிரீட்டில் செயற்கைப் பார் செய்து கடலில் இறக்கித்தான் அரிப்பைத் தடுக்க வேண்டியிருந்தது.

அங்கே தங்கும் விடுதி கட்டலாம் என்ற கட்டுரையாளரின் யோசனைக்கும் ஒரு பதில். சிறு தீவில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். மோட்டார் வைத்து இழுத்தால் சில நாளில் கீழே உள்ள உப்பு ஏறிவிடும். நல்லதண்ணித் தீவு என்றும் உப்புத்தண்ணித் தீவு என்றும் தனித்தனியாகப் பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. போகட்டும், 1986 முதல் இது கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது என்றாவது ஒரு வரி சேர்த்திருக்கலாமே.

படமும் தவறு. ‘முயல் தீவு’ என்று நீங்கள் போட்டிருப்பது தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய இடம். அது இந்த 21-இல் சேராது. பூங்காவின் முயல் தீவு மண்டபம் பக்கம் இருக்கிறது. இன்னொரு படத்தில் ஒருவர் வத்தத்தில் (கடல் வற்றும் நேரத்தில்) வெளியே தெரியும் மூளைப் பவளத்தின் மேல் செருப்போடு நிற்கிறார். அது வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. அதைப் பார்த்து நாளை பத்துப் பேர் ஏறி நிற்பார்கள்.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2022-இல் கடல்பசு காப்பகம் அறிவித்தபோதும் அதை மன்னார் வளைகுடா என்றே போட்டீர்கள். அது பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில், 448 சதுர கிலோமீட்டர். வானிலைச் செய்தியிலும் ‘ராமநாதபுரம் கடலில் கொந்தளிப்பு’ என்று மொட்டையாக வருகிறது. எந்தக் கடல்? வாடைக் காற்று அடித்தால் வடகடல் (பாக் விரிகுடா) கொதிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும். கச்சானில் அப்படியே மாறும். பாம்பனுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் படகை இறக்க முடியுமா? இதைப் பற்றி இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள். கூடவே, தீவுகளின் பெயர்களைத் தமிழில் குறித்து, மூழ்கிய இரண்டையும் புள்ளியிட்டுக் காட்டி, கையகல வரைபடம் ஒன்று.

இப்படிக்கு,
தென்கடல் கரை வாசகர்,
கீழக்கரை