பிறந்த தேதிக்கு நேர மண்டலம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைக்கும் வேலைக்கும் இப்போது எல்லாரும் இணையத்தில்தான் விண்ணப்பிக்கிறோம். அந்தப் படிவங்களில் தேதியைக் கையாளும் விதத்தில் உள்ள ஒரு பிழை, ஒன்றும் அறியாத பிள்ளைகளைத் தண்டிக்கிறது. இணையதளங்களுக்கு நிரல் எழுதுவதே என் தொழில் என்பதால், இதை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் தெரு மாணவி ஒருத்தி ஒரு தனியார் நிறுவனத்தின் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். பிறந்த தேதி 2007 ஜனவரி 1. படிவத்தில் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். திரையிலும் அதுவே தெரிந்தது. அனுப்பியபின் அச்சிட்டு எடுத்த தாளில் 31-12-2006 என்று இருந்தது. பிறப்புச் சான்றிதழோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். தொலைபேசியில் கேட்டதற்கு, "நீங்கள்தான் தவறாகப் பதிந்திருப்பீர்கள்" என்று பதில் வந்தது. வீட்டிலும் அவளுக்குத்தான் திட்டு. அவள்மீது எள்ளளவும் தவறில்லை.

நடந்தது இதுதான். இணையப் பக்கங்களை இயக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தேதிக்கென்று உள்ள 'டேட்' என்ற அமைப்புக்கு நாள் என்ற ஒன்றே தெரியாது. 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை மில்லி நொடிகள் கழிந்தன என்ற எண்ணிக்கையை மட்டுமே அது வைத்திருக்கும். காலண்டரில் ஜனவரி 1ஐத் தொட்டால், அந்தப் படிவம் அதை நம் ஊர் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கிறது. சர்வருக்கு அனுப்பும்போது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுகிறது. நாம் யுடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே அது டிசம்பர் 31, மாலை 6.30 ஆகிவிடுகிறது. பிறகு மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமிக்கிறார்கள். விண்ணப்பங்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தில் 18:30 என்ற நேரம் வரிசையாகக் கண்ணில் பட்டால், அங்கே இந்தப் பிழை குடியிருக்கிறது என்று பொருள்.

இதே நிரலை நியூயார்க்கில் உட்கார்ந்து சோதிப்பவருக்கு எதுவும் தெரியாது. அவருடைய நள்ளிரவு, யுடிசியில் அதே நாளின் விடியற்காலை. அவருக்கு வேறு விதமாகக் கோளாறு வரும்: '2007-01-01' என்று நேரமில்லாமல் எழுதிய தேதியை ஜாவாஸ்கிரிப்ட் யுடிசி நள்ளிரவாகப் படிக்கும். நமக்கு அது காலை 5.30, நாள் மாறாது. அவருக்கோ முந்தைய நாள் மாலை. "எங்கள் கணினியில் சரியாகத்தானே வருகிறது" என்ற பதிலை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

பிறந்த தேதி ஒரு கணம் அல்ல, அது ஒரு நாள். அதை எந்த நேர மண்டலத்துக்கும் மாற்றக் கூடாது. ஆண்டு, மாதம், நாள் என்று எழுத்தாகவே அனுப்பி, தரவுத்தளத்தில் தேதிக்கென்றே உள்ள கட்டத்தில் சேமித்தால் போதும்.

'இன்று' என்பதையும் யுடிசியில் கணக்கிடுகிறார்கள். புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை 4 மணிக்குப் போடும் பில்லில் நேற்றைய தேதி விழுந்தால் கணக்கு என்ன ஆவது? நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வேலை செய்பவர்கள் நம் ஊரில் நிறைய.

விண்ணப்பத்தின் கடைசி நாள், நேர்காணல் நேரம் போன்றவை வேறு வகை. அவை உண்மையிலேயே கணங்கள்; யுடிசியில் சேமிப்பதே முறை. ஆனால் திரையில் காட்டும்போது எந்த ஊர் நேரம் என்று எழுத வேண்டும். புதுச்சேரியில் பிரான்சில் உறவில்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'இரவு 11.59 வரை' என்று மொட்டையாகப் போட்டால், பாரிஸில் இருக்கும் பிள்ளை எந்த இரவு என்று எடுத்துக்கொள்வான்? அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரம். இந்த எண்ணை நிரலில் கையால் எழுதி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'ஏசியா/கொல்கத்தா', 'யூரோப்/பாரிஸ்' என்று மண்டலத்தின் பெயரைக் கொடுத்தால், பிரவுசரே சரியாகக் கணக்கிட்டுத் தரும். பிரவுசர் பயன்படுத்தும் நேர மண்டலப் பட்டியலில் பழைய மாற்றங்கள்கூட உண்டு. 1943இல், போர்க்காலத்தில், கடலூரில் கடிகாரம் இன்றைய நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடியது. ஜாதகம் கணிக்கும் மென்பொருள் செய்பவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

மாதத்தை எழுத்தில் போடுங்கள் என்பதும் என் வேண்டுகோள். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4.

இணையதளத்தைச் செய்து வாங்கும் கல்லூரிகளும் அலுவலகங்களும் நிறுவனங்களும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஜனவரி 1 பிறந்த தேதியுள்ள ஒரு விண்ணப்பத்தை நம் ஊர்க் கணினியிலிருந்து அனுப்பி, அச்சுத் தாளையும் தரவுத்தளத்தையும் பாருங்கள். பிறகு அந்தக் கணினியின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி அதையே திரும்பச் செய்யுங்கள். ஒரு நாள் குறைந்தால், ஏற்கெனவே வந்த விண்ணப்பங்களை நிறுவனமே தன் செலவில் திருத்த வேண்டும். மாணவர்களைத் திருத்த மனுவோடு அலையவிடக் கூடாது.

இப்படிக்கு,
இணைய நிரலாளர் ஒருவர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.