சுண்ணாம்புக்கட்டிப் புழுவைச் சேர்த்து வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சீன மருத்துவத்தில் பூச்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘பாய் ஜியாங் சான்’ பட்டுப்புழுவிலிருந்து கிடைக்கும் மருந்து, விலை போகும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். 22 வருஷமாகப் புழு வளர்க்கிறவன் என்பதால் மீதியை நான் சொல்கிறேன்.

அது சும்மா காயவைத்த புழு அல்ல. பியூவேரியா பாசியானா என்ற பூஞ்சை தாக்கிச் செத்து விறைத்த புழு. சீனாவின் மிகப் பழைய மருந்து நூல்களில் ஒன்றான ஷென்னோங் பென்சாவோ ஜிங்கிலேயே அது இருக்கிறது. தவிட்டோடு வறுத்து, வலிப்புக்கும் தொண்டை வீக்கத்துக்கும் முகவாதத்துக்கும் கொடுக்கிறார்கள். 4, 5ஆம் பருவப் புழுவாக (ஒவ்வொரு முறை தோலுரித்ததும் அடுத்த பருவம்) இருக்க வேண்டும் என்பது அங்குள்ள அரசு மருந்து நூலின் கணக்கு. மருந்துக்கென்றே புழுவுக்குப் பூஞ்சையை ஏற்றுவதும் உண்டு. மருந்து கேட்குமா என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை.

ஆனால் அந்தப் புழுவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கு அது சுண்ணாம்புக்கட்டி நோய். இத்தாலிக்காரர்களும் சுண்ணாம்பை வைத்தே ‘கால்சினோ’ என்றார்கள். அங்கேதான் 1835இல் அகோஸ்தினோ பாஸ்ஸி, இது புழுவுக்குப் புழு தொற்றும் பூஞ்சை என்று நிரூபித்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி அடைமழையில் வாரம் முழுக்க ஈரத்தழையே போட்டுவிட்டோம். 5ஆம் பருவம் நாலாம் நாள், சில புழுக்கள் தழையைத் தொடவில்லை. உடம்பில் எண்ணெய் சிந்தியது போலப் புள்ளிகள். இரண்டு நாளில் விறைத்து வெள்ளை பூத்துவிட்டன. ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தேன், சாக்பீஸ் மாதிரி உடைந்தது. விரலில் ஒட்டிய அந்த மாவு அத்தனையும் நோயின் வித்து என்று அப்போது உறைக்கவில்லை. 150 தொகுதி முட்டையில் (ஒரு தாய்ப்பூச்சி இடுவது ஒரு தொகுதி) கால்வாசிப் புழுகூடச் சந்திரிகை, அதாவது கூடு கட்டும் தட்டு, ஏறவில்லை.

கட்டுரையைப் படித்த பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், செத்த புழுவைச் சேர்த்து வைத்தால் விற்கலாமா அண்ணா என்று போனில் கேட்டார். எனக்குப் பகீரென்றது. வளர்ப்பு மனையில் ஒன்றைக்கூட உலர விடாதீர்கள். வெள்ளை பூக்கும் முன்பே குச்சியால் பொறுக்கி எரித்துவிடுங்கள். படுக்கையில் நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தூவி, காற்றோட்டம் விடுங்கள். மருந்து என்று வீட்டிலேயே வறுத்துத் தின்பதும் வேண்டாம், ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு.

மழைக்காலம் நெருங்குகிறது. அதற்குள் இதை வெளியிட்டால் வளர்ப்பவர்களுக்கு உதவும்.

– பட்டுக்கூடு விவசாயி, தளி, கிருஷ்ணகிரி மாவட்டம்